பிழை எல்லை: ஒரு விண்வெடிப்பு அட்டவணையை வாசித்தல்

1

2015-இல் ஒருநாள் சாயங்காலம். போடி பக்கம் பொட்டிப்புரம் போகிற வழியில் ஒரு டீக்கடை. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு எதிரான துண்டறிக்கைகளோடு மதுரையிலிருந்து நாலைந்து பேர் போயிருந்தோம். ஆடு மேய்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் அறிக்கையை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்: "ஏப்பா தம்பி, மலைக்குள்ள வைக்கப்போறது குண்டா, மிசினா? படிச்ச புள்ள, நீ சொல்லு."

"அணுன்னு வந்துட்டா எல்லாம் குண்டுதான்யா" என்றேன்.

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அம்பரப்பர் மலைக்குள் வைப்பதாகச் சொல்லப்பட்டது 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. வானிலிருந்து தானாக வரும் துகள்களை எண்ணும் கருவி. அதில் அணுப்பிளவும் இல்லை, அணு உலையும் இல்லை. திட்டத்தை எதிர்க்க வேறு காரணங்கள் இருந்தன, நல்ல காரணங்கள். நான் சொன்னது அவற்றில் ஒன்றல்ல.

அந்தப் பதிலின் உறுத்தலில்தான், அணு என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் அடைபட்டிருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். குண்டிலிருந்தும் உலையிலிருந்தும் ஆகத் தொலைவில் உள்ள அணு எது? நியூட்ரான் நட்சத்திரங்களின் மேற்பரப்பில் நடக்கும் வெடிப்பு எனத் தோன்றியது. யாருக்கும் மின்சாரம் தராது, யாரையும் கொல்லாது. அதைக் கணக்கிடுவதற்கென்று ஓர் அட்டவணை இருக்கிறது: அணுக்கரு வினைவேகங்களின் அட்டவணை. இக்கட்டுரை அந்த அட்டவணையை ஒரு பிரதியாக வாசிக்கும் முயற்சி. அறிவியலின் பெருமை பாடுவதோ அறிவியலே வன்முறை என்று ஒரே வரியில் முடித்துவிடுவதோ என் நோக்கமல்ல. இரண்டும் நமக்குப் பழகிப்போனவை.

2

முதலில் வெடிப்பது எது என்று பார்க்கலாம். நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய நட்சத்திரம் ஒன்று செத்தபின் மிஞ்சும் உட்கரு. நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. குறுக்களவோ அழகர்கோவிலுக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் நடுவே நேர்க்கோடு இழுத்தால் வரும் தூரம்தான், சுமார் 25 கிலோமீட்டர். சிலவற்றுக்குப் பக்கத்தில் ஒரு துணை நட்சத்திரம் இருக்கும். துணையிலிருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் இழுபட்டு இதன்மேல் வந்து விழுகின்றன.

விழுவதிலேயே பேராற்றல் வெளிப்படுகிறது. துகள் ஒன்றுக்கு ஏறக்குறைய 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். விழுந்த பொருள் பின்னர் அணுக்கரு வினையில் எரிந்தால் கிடைப்பது அதில் சில விழுக்காடுதான், துகளுக்கு 5 மில்லியன் அளவில். அப்படியானால் அந்தச் சின்னத் தீ நம் கண்ணில் படுவது எப்படி? விழுவது நாள்பூரா நடக்கிறது. எரிவதோ மணிக்கணக்கில் சேமிக்கப்பட்டுச் சில நொடிகளில் செலவாகிறது. சில மீட்டர் தடிமனுக்குப் பொருள் சேர்ந்து, அழுத்தமும் வெப்பமும் ஏறி, ஓர் எல்லையில் பற்றிக்கொள்கிறது. வெப்பம் 100 கோடி டிகிரியைத் தாண்டுகிறது. பத்து நொடியிலிருந்து ஓரிரு நிமிடம் வரை எக்ஸ்-கதிர் பொங்கி அடங்குகிறது. சில மணி நேரம் கழித்து மறுபடியும். நட்சத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. மேல்தோல் மட்டும் எரிகிறது.

1975-இல் நெதர்லாந்தின் ஏ.என்.எஸ். செயற்கைக்கோள் பதிவுசெய்த தரவிலிருந்து இவ்வெடிப்புகள் தனி நிகழ்வாக அடையாளம் காணப்பட்டு 1976-இல் அறிவிக்கப்பட்டன. இந்தியாவுக்கும் இதில் பங்குண்டு. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட், 4யூ 1728-34 என்ற நியூட்ரான் நட்சத்திரத்தை 2016 மார்ச்சில் பார்த்தபோது அப்படியொரு வெடிப்பைப் பிடித்தது. நொடிக்கு சுமார் 363 முறை சுழலும் நட்சத்திரம் அது. அதன் சுழற்சி அந்த வெடிப்பின் ஒளிக்குள்ளேயே துடிப்பாகத் தெரிந்தது.

தொலைநோக்கி தருவது இவ்வளவே: ஒளி ஏறி இறங்கும் ஒரு வளைகோடு. அந்தக் கோட்டிலிருந்து நட்சத்திரத்தின் நிறை, ஆரம், தொலைவு, விழும் பொருளின் கலவை எல்லாவற்றையும் வருவிக்க வேண்டும். வருவிப்பதற்கு மொழி தெரிய வேண்டும். அந்த மொழியின் அகராதிதான் வினைவேக அட்டவணை.

3

இரண்டு அணுக்கருக்கள் சேருமா, எவ்வளவு வேகத்தில் சேரும்? இரண்டுக்கும் நேர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். தள்ளலை முழுக்க வெல்லும் அளவு ஆற்றல் நட்சத்திரத்தின் வெப்பத்தில்கூடப் பெரும்பாலான துகள்களுக்குக் கிடையாது. ஆனாலும் சுவரை ஏறித் தாண்டாமலே ஊடுருவிப் போகும் சிறு வாய்ப்பு குவாண்டம் விதிகளில் உண்டு என்று 1928-இல் ஜார்ஜ் காமோவ் காட்டினார். மெதுவாக ஓடும் துகள்கள் ஏராளம், அவற்றால் ஊடுருவ முடியாது. வேகமான துகள்களால் ஊடுருவ முடியும், ஆனால் அவை மிகச் சில. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய சன்னல். வினை நடப்பது அங்கேதான்.

அந்தச் சன்னலுக்குள், உருவாகப்போகும் அணுக்கருவின் ஆற்றல் நிலை ஒன்று தற்செயலாக அமைந்துவிட்டால் வினைவேகம் பல ஆயிரம் மடங்கு எகிறும். அந்த நிலை எங்கே இருக்கிறது என்பதில் சிறு தவறு நேர்ந்தாலும் விடை தலைகீழாகும். 100 கோடி டிகிரியில் வெப்பத்தின் ஆற்றல் அளவு சுமார் 86 ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட். நிலையின் இடத்தைக் குறிப்பதில் 2 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் தவறினால் வினைவேகம் பத்து மடங்கு மாறிவிடும்.

ஒவ்வொரு வினைக்கும் இதையெல்லாம் அளந்தோ கணித்தோ ஒரு சூத்திரத்தில் பொருத்துகிறார்கள். இன்று பரவலாகப் புழங்கும் ரீக்லிப் என்ற தொகுப்பில் ஒரு பொருத்தத்துக்கு ஏழு எண்கள். வெப்பநிலையைக் கொடுத்தால் வேகம் வந்துவிடும். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் ஒரு சிறு குறி இருக்கிறது: இந்த எண் எந்த ஆய்விலிருந்து வந்தது, எந்த வகை வினை என்று. நான் மலைத்து நின்றது இந்தக் குறியின்முன்தான். ஏனெனில் இக்குறிகளைப் பின்தொடர்ந்தால் தெரியவரும் உண்மை இது: இவ்வெடிப்புகளில் பங்குபெறும் வினைகளில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் நேரடியாக அளந்ததே கிடையாது. அவை கோட்பாட்டுக் கணிப்புகள். அப்படி என்று அட்டவணையே சொல்கிறது.

இந்த அட்டவணைக்கு ஒரு வரலாறும், வரலாற்றில் வழக்கமான மறைப்பும் உண்டு. 1983-இன் இயற்பியல் நோபல் பரிசைச் சந்திரசேகருடன் பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபௌலர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகரை நம்ம ஆள் என்று கொண்டாடினோம். மறுபாதி எதற்கு என்று கேட்கவில்லை. அது நட்சத்திரங்களில் நடக்கும் அணுக்கரு வினைகளைப் பற்றிய ஆய்வுக்கு. ஃபௌலரோடு சேர்ந்து 1967-இலிருந்து 1988 வரை இந்த வினைவேகங்களைத் திரும்பத் திரும்பத் தொகுத்துத் திருத்தி வெளியிட்டவர் ஜார்ஜியான் காலன் என்ற பெண். தொடக்கத் தொகுப்புகளில் பார்பரா சிம்மர்மன் என்ற இன்னொரு பெண்ணின் பெயரும் உண்டு. தொகுப்பவரின் உழைப்பு எப்போதும் அடிக்குறிப்பாகிவிடுகிறது. பதிப்பாசிரியர்களை நாம் நடத்தும் விதம் நினைவுக்கு வந்தால் தவறில்லை.

4

ஓர் எண்ணின் கதையைச் சொல்கிறேன்.

வெடிப்பின்போது அணுக்கருக்கள் புரோட்டான்களை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக் கனக்கின்றன. இடையிடையே ஒரு தேக்கம் வரும். இன்னொரு புரோட்டானை விழுங்கினால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். அப்போது பீட்டா சிதைவு நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜெர்மானியம்-64 அப்படிப்பட்ட ஒரு தேக்கம். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு நிமிடம். மொத்த வெடிப்பே ஓரிரு நிமிடம் என்கிறபோது ஒரு நிமிடக் காத்திருப்பு என்பது சின்ன விஷயமா? ஒளி வளைகோட்டின் வால் நீள்வதும் குறுகுவதும் இதைப் பொறுத்தது.

எவ்வளவு காத்திருக்கும் என்பது அடுத்த அணுக்கருவான ஆர்சனிக்-65-இன் நிறையைப் பொறுத்தது. அது ஒரு நொடிகூட நிலைக்காதது. சீனாவின் லான்சோ நகரிலுள்ள சேமிப்பு வளையத்தில் அதைச் சுற்றவிட்டு 2011-இல் நிறையை அளந்தார்கள். அதன் மொத்த நிறையை ஆற்றலாகச் சொன்னால் சுமார் 6,000 கோடி எலக்ட்ரான் வோல்ட்; அளவீட்டின் பிழை எல்லை 85 ஆயிரம். பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டு என்ற நுட்பம். அதிலிருந்து வந்த முடிவு: ஜெர்மானியம்-64 பெரிய தேக்கமல்ல, பெரும்பகுதி தாண்டிப் போய்விடும்.

2023-இல் அதே லான்சோவிலிருந்து இன்னும் நுட்பமான அளவீடு வந்தது. புரோட்டான் ஒட்டாமை முன்பு எண்ணியதைவிட அதிகம். அதாவது தேக்கம் வலுவானதுதான். புதிய எண்ணைப் போட்டுக் கணக்கிட்டபோது, கடிகாரம்போல் ஒழுங்காக வெடிப்பதால் பாடநூல் உதாரணமாகிவிட்ட ஜி.எஸ். 1826-24 என்ற நட்சத்திரத்தைச் சில விழுக்காடு தொலைவுக்குத் தள்ள வேண்டியிருந்தது. அது நினைத்ததைவிடச் சற்று நெருக்கம் குறைந்ததாகவும் ஆனது. ஒரு வளையத்தில் சுற்றிய சில அணுக்கருக்களின் நிறையைத் திருத்தினால் ஒரு நட்சத்திரம் இடம் மாறுகிறது. அளந்த ஊரே தன் முந்தைய முடிவைப் பொதுவில் திருத்தி எழுதியது. யாரும் பதவி இழக்கவில்லை, யாரையும் துரோகி என்று சொல்லவில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நட்சத்திரத்தைப் புரிந்துகொள்ள வினைவேகம் வேண்டும். வினைவேகத்தை அளக்க முடியாதபோது நட்சத்திரத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆக்சிஜன்-15 ஒரு ஹீலியம் கருவை ஏற்று நியான்-19 ஆகும் வினை இதற்குத் தெளிவான உதாரணம். கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் வழியே சுற்றிக்கொண்டிருக்கும் எரிப்புச் சக்கரத்திலிருந்து வெளியேறும் வாசல் இது. ஆக்சிஜன்-15-இன் அரை ஆயுள் 122 நொடி. அதை நேரடியாக அளப்பதற்குப் போதிய கற்றை கிடைக்காததால் மறைமுகமாக மதிப்பிட்டார்கள். பிழை எல்லை பெரிதாகவே இருந்தது. 2006-இல் ஃபிஸ்கர் முதலானோர் வேறுவிதமாக வாதிட்டனர்: இந்த வேகம் மிகக் குறைவாக இருந்தால் நட்சத்திரம் வெடிக்காமல் அமைதியாகவே எரிந்திருக்கும், வெடிப்பதை நாம் பார்க்கிறோம், ஆகவே வேகம் இவ்வளவுக்குக் கீழே இருக்க முடியாது.

பகுதியை வைத்து முழுமையையும் முழுமையை வைத்துப் பகுதியையும் அர்த்தப்படுத்துவது. இலக்கிய வாசிப்பில் இந்தச் சுழலை நாம் அறிவோம். அறிவியல் இந்தச் சுழலுக்கு வெளியே நிற்கிறது என்று ஒரு மரபும், உள்ளே மாட்டிக்கொண்டதால் அதுவும் வெறும் கதையாடல் என்று இன்னொரு மரபும் பேசுகின்றன. 90-களில் நமது சிறுபத்திரிகைகளில் இரண்டாவது குரல் ஓங்கி ஒலித்தது, நானும் அதில் கலந்துகொண்டேன். இப்போது அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டுமே போதவில்லை. சுழல் இருக்கிறது, ஆனால் அதன் ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு சந்தேகம் என்பது எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 1,900-க்கும் மேற்பட்ட வினைவேகங்களை ஒவ்வொன்றாக நூறு மடங்கு கூட்டியும் நூறில் ஒன்றாகக் குறைத்தும் பார்த்தார்கள். எது மாறினால் வெடிப்பு மாறுகிறது, எது எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று பட்டியலிட்டார்கள். தன் அறியாமையை வரிசைப்படுத்தி, எதை முதலில் அளக்க வேண்டும் என்று கேட்கும் பிரதி அது. அறியாமையை இவ்வளவு ஒழுங்காக எழுதிய வேறு பிரதியை நான் வாசித்ததில்லை.

5

சரி, குண்டிலிருந்து ஆகத் தொலைவு என்று நினைத்து வந்தேனே, அது உண்மையா? இல்லை.

1963-இல் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை கூடாது என்று ஒப்பந்தம் வந்தது. யாராவது திருட்டுத்தனமாக வெடிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா செயற்கைக்கோள்களை அனுப்பியது. 1969-இல் சென்டாரஸ் திசையிலிருந்து அவற்றில் பதிவான ஓர் எக்ஸ்-கதிர்ப் பொங்கல்தான், இன்று திரும்பிப் பார்க்கையில், நமக்குக் கிடைத்த மிகப் பழைய நியூட்ரான் நட்சத்திர வெடிப்புப் பதிவு. குண்டைத் தேடிய கண்ணில் நட்சத்திரம் பட்டது.

அது மட்டுமா? ஃபௌலரின் கெல்லாக் ஆய்வகம் இரண்டாம் உலகப் போரின்போது கடற்படைக்கு ராக்கெட்டுகள் செய்தது. இவ்வெடிப்புகளைக் கணக்கிடப் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் கெப்ளர் என்ற கணினி நிரலை 1978-இல் முன்வைத்த மூவரில் இருவர் லிவர்மோர் ஆயுத ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். வெடிப்பைக் கணக்கிடும் கலை எங்கே வளர்க்கப்பட்டதோ அங்கிருந்துதான் நட்சத்திரத்துக்கும் போயிருக்கிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டும்.

ஆகவே அந்தப் பெரியவரின் சந்தேகம் மூடத்தனமல்ல. "படிக்காதவன் பயப்படுகிறான்" என்று சொன்னவர்களுக்குத் தங்கள் துறையின் குடும்ப வரலாறு மறந்துபோயிருந்தது. அணு என்றாலே குண்டு என்ற என் பதிலில் வரலாற்றின் ஒரு துணுக்கு இருந்தது. ஆனால் அது அந்த மலைக்கான பதிலாக இல்லை.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒன்று பூட்டிய அறையில் வளர்ந்தது, மற்றது தெருவில் வளர்ந்தது. நட்சத்திர அட்டவணை இன்று எவரும் எடுத்துக்கொள்ளும்படி கிடக்கிறது. நட்சத்திரங்களைக் கணக்கிடும் மேசா என்ற நிரலும் இலவசம். அஸ்ட்ரோசாட்டின் தரவும் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பொதுவில் வைக்கப்படுகிறது. மதுரையில் ஒரு கல்லூரி மாணவி மடிக்கணினியில் ஒரு வினைவேகத்தைப் பத்து மடங்கு கூட்டி, வளைகோடு எப்படி மாறுகிறது என்று தானே பார்த்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அளக்கும் கருவிகள் அப்படியல்ல, அவை பணக்காரச் சொத்து. நிலையற்ற அணுக்கருக்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகனில் 2022-இல் திறக்கப்பட்ட எஃப்-ரிப் கூடத்துக்கு ஆன செலவு 73 கோடி டாலர். அளக்கும் அதிகாரம் சிலரிடம், சரிபார்க்கும் உரிமை பலரிடம். முழுச் சமத்துவம் இல்லை என்றாலும் இதுவும் ஒன்றுமில்லாததல்ல.

6

மறுபடி நம் சமவெளிக்கு வருவோம். நியூட்ரினோ திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. அதே மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் வேலை கூடாது என்றது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பது அதில் முக்கியமான விஷயம். 2018-இல் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தெரிவித்தது. மலை அப்படியே நின்றது. மதுரையில் மட்டும் 85 டன் எடையில் அக்கருவியின் சிறு மாதிரி ஒன்றை நிறுவி, வானிலிருந்து விழும் மியூவான் துகள்களை எண்ணினார்கள்.

இந்த நீண்ட வழக்கில் எண்களுக்குப் பஞ்சமில்லை. எவ்வளவு பாறை உடைபடும், எவ்வளவு வெடிமருந்து, எவ்வளவு தண்ணீர், அதிர்வு எத்தனை தூரம் போகும். திட்டக்காரர்கள் ஓர் எண் சொன்னார்கள், நாங்கள் ஓர் எண் சொன்னோம். இரண்டு தரப்பிலும் பிழை எல்லை எழுதப்படவில்லை. யார் அளந்தது, எப்போது, அளந்ததா கணித்ததா என்ற குறி இல்லை. "ஒரு பாதிப்பும் வராது" என்றது ஒரு குரல். "எல்லாம் அழியும்" என்றது மறு குரல். பூஜ்யமும் முடிவிலியும் அளவீடுகளல்ல, நம்பிக்கைகள். பிழை எல்லை இல்லாத எண், அதைச் சொல்கிறவரின் அதிகாரத்தை மட்டுமே அளக்கிறது.

பலவீனமானவர்கள் மட்டும் ஏன் சந்தேகத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், எதிரி அதைப் பிடித்துக்கொள்ள மாட்டானா என்று தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நீதிமன்றத்தில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை என்பதும் தெரியும். ஆனால் கோரிக்கையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான ஒளியாண்டுக்கு அப்பால் யாருக்கும் தீங்கு செய்யாத ஒரு வெடிப்புக்கு 1,900 வினைகளை நூறு மடங்கு ஏற்றி இறக்கிச் சோதிக்க முடிகிறது. போடி மலையடிவாரத்தில் ஓர் ஊரின் கிணற்று நீர்மட்டத்துக்கு ஏன் அதைச் செய்யவில்லை? இந்தக் கேள்வியை அறிவியலின் பேராலேயே கேட்கலாம். கேட்பதற்கு நம் துண்டறிக்கைகளும் அதே ஒழுங்கில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரை அதன்பின் நான் பார்க்கவில்லை. பார்த்தால் இப்படித்தான் சொல்லியிருப்பேன்: "குண்டு இல்லங்கய்யா, வானத்துலருந்து வர்ற துகளை எண்ணுற மிசினு. ஆனா மலையைக் குடையும்போது உங்க கெணத்துக்கு என்ன ஆகும்னு அவங்க சரியா அளந்து சொல்லல. எனக்கும் தெரியாது. அளந்து காட்டுங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கோம்."

துண்டறிக்கையில் அன்று இருந்திருக்க வேண்டியதும் இந்த மூன்று வரிதான்.